நாள் கணக்கில் சம்பளம், வருடம் முழுக்க உழைப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐபிஎல் ஏலம் வந்துவிட்டால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கோடிகள்தான் கண்ணில் படுகின்றன. 2024 நவம்பரில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனபோது டீக்கடை வரை அதே பேச்சு. கிரிக்கெட் ஆடுகிற பையன் என்றாலே பணத்துக்குப் பஞ்சமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பல வருடங்களாகச் சென்னையில் கிளப்புகள் மோதும் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆட்டக்காரர்களின் வாழ்க்கை அப்படி இல்லை.

பெரும்பாலும் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் 38 அணிகள். அணிக்குப் பதினைந்து பேர் என்று வைத்தாலே 570 பேர் ஆகிறது. ஐபிஎல்லில் பத்து அணிகள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 25 பேர், அதிலும் எட்டு இடம் வரை வெளிநாட்டவருக்கு. மாநிலத்துக்காக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. அவர்களுக்குக் கீழே லீக்கில் ஆடிக்கொண்டு மாநில அணிக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

ரஞ்சியில் இப்போது சம்பளம் மோசமில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிரிக்கெட் வாரியம் 2021-இல் உயர்த்தியபடி, 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய், 21 முதல் 40 வரை என்றால் 50,000, அதற்குக் கீழே 40,000. ஆனால் இது ஆடுகிற நாளுக்கு மட்டும். மேல் பிரிவான எலைட்டில் லீக் சுற்றில் ஒரு அணிக்கு ஏழு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு நாள், அதாவது 28 நாட்கள். புதிதாக வந்தவர் ஒன்றுகூட விடாமல் ஆடினால் வரிக்கு முன் 11 லட்சத்து 20 ஆயிரம் கிடைக்கும். ஒன்றுகூட விடாமல் ஆடுகிற புதியவர் எத்தனை பேர்? பெஞ்சில் இருந்தால் பாதி. அணியிலிருந்தே எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. ஜிம், நெட்ஸ், ஓட்டம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் வருடம் முழுக்க நடக்க வேண்டும். அதற்கான செலவும் வருடம் முழுக்க இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வேகமாக வீசுகிறவர்களின் பின்காலைக் கவனித்துப் பாருங்கள். பந்தை விடும் நேரத்தில் கட்டைவிரல் தரையோடு இழுபடும், ஷூவின் முனை அந்த இடத்தில் பிய்ந்துகொண்டே வரும். இந்தத் தம்பி ஒரு சீசனுக்கு ஒரே ஜோடிதான் வாங்குவார். முனையில் தோல் வைத்துத் தைத்து, அது தேய்ந்ததும் மறுபடியும் தைத்துப் போட்டுக்கொள்வார். மாநில அணியோடு இரண்டு சீசன் பயணம் செய்தார், ஆடக் கிடைத்தது மூன்று ரஞ்சி ஆட்டங்கள். அப்புறம் ஒரு லீக் ஆட்டத்தில் தோள்பட்டையில் கிழிசல். நான்காவது ஓவரின் நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், மீதிப் பந்துகளை வேறொருவர் வீசினார் என்று என் புத்தகத்தில் எழுதினேன். ஸ்கேன், ஆபரேஷன், பிசியோ எல்லாவற்றுக்கும் அவருடைய அப்பாவின் பிஎஃப் பணம்தான் போனது. கிளப் மாலை போட்டு வழியனுப்பவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அடுத்த சீசன் மாநில அணித் தேர்வுக்கான உத்தேசப் பட்டியலில் (பிராபபிள்ஸ்) பெயர் இல்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு அகாடமியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். 27 வயதுதான். வீசுகிற கை திரும்பிவிட்டது என்கிறார், நானும் பார்த்தேன், உண்மைதான். ஆனால் அவர் வீசுவதைப் பார்க்கத் தேர்வாளர் யாரும் வருவதில்லை.

நாள் கணக்குச் சம்பளம் எவ்வளவு ஆபத்தானது என்பது 2020-21-இல் எல்லோருக்கும் தெரிந்தது. 1934-இல் நம் சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம் நடந்த ரஞ்சிக் கோப்பை, கொரோனாவால் முதல்முறையாக ஒரு சீசன் நடக்காமல் போனது. ஆட்டம் இல்லை, அதனால் சம்பளமும் இல்லை. முந்தைய சீசனில் ஆடியவர்களுக்கு மேட்ச் ஃபீஸில் பாதியை நஷ்ட ஈடாகத் தருவதாக வாரியம் அறிவித்தது 2021 செப்டம்பரில். அதுவரை வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் எதை வைத்துக் கட்டியிருப்பார்கள்?

முன்பு இந்த இடத்தில் வங்கி வேலை கைகொடுத்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தால் காலையில் சீட், மதியத்துக்கு மேல் நெட்ஸ். ஃபார்ம் போனாலும் முதல் தேதி சம்பளம் வரும், ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். வங்கி அணிகளில் ஆடிக்கொண்டே தமிழ்நாட்டுக்கு ஆடியவர்கள் பலர். அப்படி நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது இப்போது அருகிவிட்டது. ரஞ்சியில் தனி அணியே வைத்திருக்கும் ரயில்வேயைத்தான் பையன்கள் இன்னும் நம்புகிறார்கள்.

திறமை இருந்தால் இந்திய அணிக்குப் போய்விடலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுழற்பந்து வீச்சாளர் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட் எடுத்தவர், இன்றுவரை அதுதான் சாதனை. ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. 1973-இல் சேப்பாக்கம் ரஞ்சி இறுதியாட்டத்தில் தமிழ்நாட்டை 13 விக்கெட் எடுத்துச் சாய்த்த பம்பாய் சுழற்பந்து வீச்சாளர் பத்மாகர் சிவால்கருக்கும் அதே கதைதான். நம் ஸ்ரீதரன் சரத் முதல்தர ஆட்டங்களில் 8,000 ரன்களுக்கு மேல் அடித்தும் இந்தியாவுக்கு ஆடவில்லை. இவர்களுடைய திறமையில் என்ன குறை? பதினோரு இடம்தான் இருக்கிறது, எல்லோருக்கும் இடம் கிடைக்காது. அதனால்தான் மாநில அணிக்கு ஆடுவதையே ஒரு முழுநேர வேலையாக மதித்து மாதச் சம்பளம் தர வேண்டும்.

இந்திய அணிக்கு வாரியம் ஆண்டு ஒப்பந்தம் தருகிறது. அதைப்போல ஒவ்வொரு மாநிலச் சங்கமும் முப்பது பேருக்காவது தரலாம். மேட்ச் ஃபீஸ் அதற்கு மேலே தனியாக இருக்கட்டும். லீக் ஆட்டத்தில் பட்ட காயமானாலும் ஒப்பந்தக் காலம் முழுக்கச் சம்பளமும் சிகிச்சையும் உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போயிருக்கிறது. வாரியம் தரும் ரஞ்சி மேட்ச் ஃபீஸுக்குச் சமமான தொகையைத் தானும் தருவதாக மும்பைச் சங்கம் 2024-இல் அறிவித்தது. மனம் இருந்தால் மற்ற சங்கங்களும் செய்யலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ரஞ்சி ஆட்டங்களின் முழு ஸ்கோர்கார்டை மறுபடியும் அச்சிடுங்கள். சதம் அடித்தவர் பெயரை மட்டும் போட்டு நிறுத்திவிடாமல், 22 ஓவர் வீசி ஒரு விக்கெட் எடுத்தவரின் பெயரும் வரட்டும். அப்படியே, எந்தெந்தச் சங்கம் தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் தருகிறது, எது தரவில்லை என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால், சங்கங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு லீக் கிரிக்கெட் ஸ்கோரர்,
திருவல்லிக்கேணி, சென்னை.