அந்தத் துண்டு உன் அண்ணாவிடம் இருக்குமா?

கிளிநொச்சி

அன்பின் சுகந்தி,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. இங்கே காலபோக விதைப்பு முடிந்தது, மழையும் ஏமாற்றவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2004 இல், ஏ9 பாதை திறந்திருந்த நேரம், நீயும் நானும் கொழும்புக்குப் போய் எனக்கு மார்பைச் சிறிதாக்கிய ஒப்பரேஷன் ஞாபகம் இருக்கிறதா? அப்போது எனக்கு 19. பிறகு இரண்டு பிள்ளைகள், உடம்பும் வைத்துவிட்டது. இப்போது பழையபடி தோளில் பிரா வார் பள்ளம் விழுத்துகிறது, கழுத்து உளைகிறது, மடிப்புக்குள் வேர்த்துப் புண். சின்ன வயதில் செய்தால் இப்படித் திரும்பப் பெருக்கலாமாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். முதல் கேள்வியே, "பழைய ஒப்பரேஷன் குறிப்பு எங்கே?" 2008 இல் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது காணி உறுதி, பிறப்புப் பத்திரம், சேட்டிபிக்கேற் எல்லாவற்றையும் ஷொப்பிங் பையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு போனேன். மார்பைப் பற்றின அந்தக் குறிப்புத் துண்டை மட்டும் அலுமாரியிலேயே விட்டுவிட்டேன். சிரிக்காதே.

ஏன் அது வேண்டுமென்றால், முதல் தரம் வெட்டும்போது முலைக்காம்புக்கு இரத்தம் போக ஒரு பக்கத்துச் சதையை வாய்க்கால் மாதிரி விட்டுவைப்பார்கள். சிலர் கீழ்ப்பக்கமாக, சிலர் மேலே உள்பக்கமாக. இப்போது தெரியாமல் அதையே வெட்டினால், தண்ணீர் மறிபட்ட கடைசி வயல் போலக் காம்பு கருகிவிடலாம். தழும்பைப் பார்த்தும் சொல்ல ஏலாதாம். வெளியே ஒரே நங்கூரத் தழும்பு, உள்ளே எந்த வாய்க்காலும் இருக்கலாம்.

நல்ல காலம், அளந்து பார்த்ததில் காம்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது, தொங்கினது கீழ்ப்பாதி. துண்டு கிடைக்காவிட்டால் காம்பை அசைக்காமல், கொழுப்பை உறிஞ்சி எடுத்து, கீழே அளவாக வெட்டுவதோடு நிற்கலாம் என்கிறார். காம்பைக் கழற்றித் திரும்ப ஒட்டுகிற முறையும் உண்டு. ஒட்டினால் அந்த இடத்தில் பழைய உணர்ச்சி இராது, பாலும் கொடுக்க முடியாது. இனி எனக்குப் பால் எதற்கு? ஆனாலும் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது.

முதலில் மமோகிராம் எடுக்க வேண்டும், வெட்டியதையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். நிறையும் ஒரு நிலைக்கு வரவேண்டுமாம். அதைவிடக் கரைச்சல், என் பல்லைப் பார்த்துவிட்டு வெற்றிலையோடு போடுகிற புகையிலையை நிறுத்தச் சொன்னது. அது இரத்தக் குழாயைச் சுருக்குமாம். ஒன்பது நாளாகிறது, வீட்டில் எல்லோருக்கும் என்னால் ஏச்சு.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. அப்போது காசு அனுப்பிய உன் அண்ணாவுக்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தின் போட்டோக்கொப்பி அனுப்பினோம் அல்லவா? அவர் ஒரு பில்லைக்கூட எறியாத மனிதர். பழைய பைலில் தேடி, கிடைத்தால் வைபரில் படம் எடுத்து அனுப்பச் சொல். வாசிக்க வேண்டாம் என்றும் சொல்.

உன்
ராணி