பூட்டுவதற்கு நெட் வேண்டாம், திறப்பதற்கு மட்டும் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கதவுக்கு மாட்டும் ஸ்மார்ட் பூட்டுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போனோடு வாசலுக்கு வந்தால் கதவு தானே திறக்கும், வெளியே போனால் தானே பூட்டிக்கொள்ளும், இனிமேல் கதவைப் பற்றிய நினைப்பே வேண்டாம் என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். சமவெளியில், கரன்ட் அதிகம் போகாத ஊரில், அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். நான் கோத்தகிரியில் வயரிங் வேலை செய்பவன். இந்தப் பூட்டுகளைப் பல வீடுகளிலும் காட்டேஜ்களிலும் மாட்டியிருக்கிறேன், என் வீட்டிலும் மாட்டினேன். மலையில் இருப்பவர்கள் அந்தக் கட்டுரையை மட்டும் நம்பிப் பூட்டு வாங்கிவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம். மழை விட்டிருந்தது, ஆனால் எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு தெரியாத அளவுக்கு மூடுபனி. நான் குன்னூரில் ஒரு வேலையில் இருந்தேன். ஆறு மணிக்கு எங்கேயோ லைன் மேல் மரம் விழுந்து கரன்ட் போய்விட்டது. அம்மாவுக்கு எழுபத்தி நான்கு வயது. அடுப்புக்கு விறகு எடுக்கப் பின்பக்கம் போனவர், குளிர் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும்படி நான்தான் வைத்திருந்தேன். பூட்டிக்கொண்டது.

விறகோடு திரும்பி வந்து, பூட்டில் கைரேகை வைக்கும் இடத்தில் விரலை வைத்திருக்கிறார். ஈர விரல், எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், அப்போதும் எடுக்கவில்லை. அப்புறம் நம்பரை அழுத்தப் பார்த்தார். தொடுதிரை மேல் பனி படிந்திருந்தால் ஒரு எண்ணைத் தொட்டால் இன்னொரு எண் விழும். ஐந்து தடவை தப்பானதும் பூட்டு சில நிமிடங்களுக்கு எதையும் ஏற்காமல் நின்றுவிட்டது. போன் வீட்டுக்குள் இருந்தது. அந்த நேரத்தில்தான் பீன்ஸ் பாத்தி ஓரமாக ஒரு காட்டுமாடு ஏறி வந்திருக்கிறது. அம்மா சத்தம் போடாமல் விறகுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டார். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, அங்கேயே நில்லுங்க, வெளியே வராதீங்க" என்று கத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். நான் குன்னூரிலிருந்தே ஆப்பில் திறக்கப் பார்த்தேன். கரன்ட் இல்லாததால் ரவுட்டர் அணைந்திருந்தது. பூட்டு இணைப்பில் இல்லை என்றே திரும்பத் திரும்ப வந்தது. நாற்பது நிமிடம் அம்மா ஈரப் புடவையோடு அந்தக் கொட்டகையில் நின்றார். மாடு இறங்கிப் போன பிறகு பக்கத்து வீட்டில் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். நான் வந்து சாவி போட்டுத் திறந்தபோது மணி எட்டு. பூட்டின் சாவிகள் இரண்டும் என் வண்டிச் சாவிக் கொத்தில்தான் தொங்கின. அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றைக்குப் பூட்டில் எந்தப் பழுதும் இல்லை. பேட்டரி செல்லில் ஓடுவதால், கரன்ட் போனாலும் பூட்டுவது மட்டும் ஒழுங்காக நடந்தது. திறப்பதற்கு மட்டும் உலர்ந்த விரல், பனி இல்லாத திரை, ரவுட்டர், நெட் எல்லாம் வேண்டியிருந்தது. பூட்டுவதற்கு வேண்டாத எதுவும் திறப்பதற்கும் வேண்டியிருக்கக் கூடாது. இதைத்தான் முதலில் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பூட்டே வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதுவும் முடியாது. எண்ணெய்க்கும் அரிசிக்கும் கரடி வீடு தேடி வருகிற ஊர் இது. சும்மா சாத்திய கதவு அதற்குப் பெரிய தடை இல்லை. இருட்டியதும் பின்கதவு பூட்டியிருக்க வேண்டும், அதை மறந்துபோகிற வயதானவர்களுக்கு இந்த ஏற்பாடு நிஜமாகவே உதவும். ஆகவே நான் முறையை மாற்றினேன்.

பூட்டுக்குள்ளேயே இருக்கும் ஆட்டோ லாக்கை அணைத்துவிட்டேன். அது வெறும் கடிகாரம். கதவு சாத்தியிருக்கிறதா, பாதி திறந்து காற்றில் ஆடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. பல பூட்டுகள் "பூட்டியாயிற்று" என்று சொல்வதற்கு, மோட்டார் பூட்டின் நாக்கை, அதாவது கதவைப் பிடிக்கும் இரும்புத் துண்டை, வெளியே தள்ளிவிட்டது என்பது மட்டும்தான் பொருள். அந்த நாக்கு கதவு நிலையில் உள்ள ஓட்டைக்குள் போயிருக்கிறதா, வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. திறந்த கதவோடு, ஆப்பில் மட்டும் பூட்டியதாகக் காட்டிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கதவில் ஒரு காந்தமும் நிலையில் ஒரு சென்சாரும் வைத்தேன். விலை குறைவான பொருள்தான், ஆனால் இது இல்லாமல் தானாகப் பூட்டும் ஏற்பாட்டை யாருக்கும் இப்போது நான் செய்து தருவதில்லை.

இரண்டையும் சேர்த்து நடத்துவது ஹோம் அசிஸ்டென்ட். 2013-ல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. என் வீட்டில் ஒரு சின்ன ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பூட்டும் சென்சாரும் ஜிக்பீ என்கிற, நெட் தேவைப்படாத வயர்லெஸ் வழியாக அதனோடு பேசிக்கொள்வதால், வெளியே நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும். அதையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றிவிட்டேன். பகலில் தானாகப் பூட்டாது. ஆறரைக்கு மேல், கதவு தொடர்ந்து பத்து நிமிடம் சாத்தியிருந்தால் மட்டும் பூட்டும். பூட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் பின்வாசல் விளக்கு மூன்று முறை அணைந்து எரியும், வெளியே இருப்பவர் கண்டிப்பாகக் கவனிப்பார். பூட்டச் சொன்ன இருபதாவது விநாடியில், பூட்டியாயிற்றா என்று பூட்டிடம் திரும்பக் கேட்கும். நாக்கு சிக்கிக்கொண்டதாகப் பூட்டு சொன்னால் கூடத்தில் மணி அடிக்கும்.

இந்தச் சிக்கல்தான் மலையில் பெரிய தலைவலி. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, எங்களுக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழை. எந்த மழையானாலும் மரக்கதவு ஊறும். ஜனவரி வெயிலில் பொருத்திய பூட்டு அக்டோபரில் நிலையில் உரசும். கையால் பூட்டும்போது நாம் அறியாமலே கதவை ஒரு இழுப்பு இழுத்துச் சாவியைத் திருப்பிவிடுவோம். மோட்டாருக்கு அந்தக் கை இல்லை. அது முக்கி முக்கித் தள்ளும், செல் சீக்கிரம் தீரும், கடைசியில் பாதியில் நின்றுவிடும். எனவே முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள். கதவு ஓரத்தை இழைத்து, நிலையில் உள்ள தகட்டின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவந்த பிறகு பூட்டைப் பற்றி யோசிக்கலாம். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

செல் விஷயமும் அப்படித்தான். பெரும்பாலான பூட்டுகளில் டபுள்-ஏ அல்கலைன் செல் நான்கு போடுவோம், மொத்தம் 6 வோல்ட். மிச்சம் பிடிக்க ரீசார்ஜ் செல் போட்டால் ஒன்று 1.2 வோல்ட், மொத்தம் 4.8 தான். புது செல்லையே தீர்ந்துபோன செல் என்று பூட்டு நினைத்துக்கொள்ளும். குளிரில் அல்கலைன் செல்லின் வலு குறையும். ஊட்டி தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் மாதங்களில், ஆப்பில் காட்டும் சதவீதத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் பனிக்காலம் தொடங்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. செல் முழுதாகச் செத்துவிட்டால், சில பூட்டுகளில் வெளிப்பக்கம் கீழே இரண்டு புள்ளிகள் இருக்கும், அதில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பிடித்தபடி நம்பர் போட்டால் திறக்கும். புதிய மாடல்களில் பவர் பேங்க் சொருகும் துளை இருக்கிறது.

கைரேகையைப் பற்றி ஒன்று. கொழுந்து பறித்துக் காப்பேறிய கை, கறையும் வெடிப்பும் உள்ள விரல், இவற்றை ரேஷன் கடை மெஷினே எடுக்காமல் எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறது. அந்தக் கைகள் உள்ள வீட்டில் விரலை மட்டும் நம்பிப் பூட்டு வைப்பது அவர்களைத் தங்கள் வீட்டு வாசலிலேயே நிற்க வைப்பதாகும்.

போன் நெருங்கினால் தானே திறக்கும் வசதியைக் கட்டுரை மிகவும் புகழ்ந்திருந்தது. தயவுசெய்து அதை மட்டும் யாரும் வைக்காதீர்கள். எங்கள் பக்கம் போன் ஒரு நேரம் இந்த டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் எதிர் மலை டவரைப் பிடிக்கும். நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போதே போன் உங்களை ஊருக்கு வெளியே காட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் வீடு திரும்பியதாகச் சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு திறந்துகொள்ளும். என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் இப்படி ஆனது. நல்லவேளை, அன்று கரடி வரவில்லை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் கதவு தானாகத் திறக்க வேண்டும் என்று நானே சொல்வேன். குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் எடுத்துப்போய், ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்களின் செய்தி உங்கள் பக்கங்களிலேயே வந்திருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் சென்சாரை அறையில் வைத்து, அளவு ஏறினால் அலாரம் அடிக்கவும், விளக்கெல்லாம் எரியவும், பூட்டு திறக்கவும், காவலாளிக்குப் போன் போகவும் இரண்டு காட்டேஜ்களில் செய்து கொடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் மயங்கிவிட்டால் வெளியே இருப்பவர் கதவை உடைத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. காட்டேஜ் நடத்துபவர்கள் சீசனுக்கு முன் இதைச் செய்தால் எவ்வளவோ நல்லது. கூடவே, எல்லா விருந்தாளிகளுக்கும் ஒரே நம்பரை வருஷக்கணக்கில் வாட்ஸாப்பில் அனுப்புவதை நிறுத்திவிட்டு, தங்கும் நாட்களுக்கு மட்டும் செல்லும் நம்பரைக் கொடுங்கள். அந்த வசதி பூட்டிலேயே இருக்கிறது.

அடுத்து இப்படி ஒரு கட்டுரை போடும்போது, வெளிப்பக்கம் சாவித் துவாரம் உண்டா, செல் செத்தாலும் உள்பக்கக் கைப்பிடியை அழுத்தினால் திறக்குமா என்ற இரண்டு விவரங்களை ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்தில் அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விலைக்கு முன்னால் அவை வரட்டும். என் வீட்டில் ஒரு சாவி இப்போது அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டில், அந்தப் பையனிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.