ஊரடங்குக் காலத்துக் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த 2025 பொங்கலுக்கு வீடு ஒதுக்கினோம். பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்கக் கட்டி வைத்த கட்டுக்குள்ளிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை என் மகள் இழுத்தெடுத்தாள். அட்டையில் '2020 மார்ச் முதல், வீட்டுக் கணக்கு' என்று என் கையெழுத்து. அவள் அதைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் நானும் துடைப்பத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு வீடு ஒதுக்கி முடியவில்லை. அந்தக் கொப்பியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்கிறார், செய்கிற உருப்படிக்குத்தான் கூலி. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. மாமியும் எங்களோடுதான். கடைப் பழக்கத்தில் வீட்டிலும் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று கோடு போட்டு எழுதுவேன்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. கொரோனாவுக்காகப் பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு. அன்றைக்கு நான் எழுதியது 'பாண் 2, மெழுகுதிரி 1 பெட்டி' மட்டும்தான். எழுதாதது ஒன்று இருக்கிறது. ஆறு மணி அடித்ததும் மாமி எழும்பிப் போய் முன் ஜன்னலைச் சாத்தி, முன்னறை லைட்டை அணைத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவருக்கு ஊரடங்கு என்றால் அதுதான். வெளிச்சம் தெரியக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது. என் கணவர், "அம்மா, இது நோய்க்குப் போட்டது, எங்களைத் தேடி ஒருத்தரும் வரமாட்டினம்" என்று சொல்லித் திரும்ப லைட்டைப் போட்டார். மாமி ஒன்றும் பேசவில்லை. ஒரு கிழமை வரை ஆறு மணிக்கு அவருடைய கை தானாகவே ஜன்னலுக்குப் போனது. பிறகு ஒருநாள் கதிரையைத் தூக்கிப் பல்கனியில் போட்டு, ஏழு மணிவரை அங்கேயே இருந்தார். ஊரடங்கு நேரத்தில் வெளியே பார்த்துக்கொண்டு இருப்பது தனக்கு இதுதான் முதல் தடவை என்று பேத்தியிடம் சொன்னார்.

24ஆம் திகதி காலையில் சில மணி நேரம் திறந்தார்கள். பருப்புக் கிலோ 65 ரூபா, டின்மீன் 100 ரூபா என்று அரசாங்கம் விலை கட்டியிருந்த நாட்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரோடு பருப்பு முடிந்துவிட்டது. கொப்பியில் 'பருப்பு – இல்லை' என்று இருக்கிறது. அந்த வருடம் முழுக்க மஞ்சளுக்கும் அதே சொல்தான். இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் மஞ்சள் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் நோய் அண்டாது என்று எல்லாரும் தேடிய நேரத்தில் கறிக்கே மஞ்சள் இல்லை. மாமி ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்த மஞ்சள் துண்டுகளை எண்ணி எண்ணித்தான் எடுப்பார்.

அதற்குப் பிறகு கொழும்பு மே 26 வரை சரியாகத் திறக்கவே இல்லை. மரக்கறி லொறி ஒழுங்கை முனைக்கு வரும். 500 ரூபாவுக்கு ஒரு பை, உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் அந்தக் கிழமைக் கறி. மே மாதத்தில் அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே விட்டார்கள். என் கணவருக்கு 3, செவ்வாய்க்கிழமை. எனக்கு 7, வியாழக்கிழமை. மாமிக்கு 0, வெள்ளிக்கிழமை. 76 வயதில் தனக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த வெள்ளிக்கிழமைகளில் நல்ல சேலை உடுத்திக்கொண்டு கீழ்ப்படி வரைக்கும் இறங்கிப்போய் வருவார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஏப்ரல் மாதம் வரவுப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பட்டறை பூட்டு. என் கடையில் பாதிச் சம்பளம், அதுவும் பிந்தித்தான் வந்தது. கிராம சேவகர் மூலமாகக் கிடைத்த 5000 ரூபா ஒரு வரி. அவ்வளவுதான். வலப்பக்கம் மட்டும் நிரம்பிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசையும். இரவில் எல்லாரும் படுத்த பிறகுதான் கொப்பியைத் திறப்பேன்.

ஒருநாள் திறந்தால் வரவுப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது: 'அப்பா எனக்கு இரண்டு சடை பின்னினார்.'

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இடப்பக்கம் ஏன் சும்மா இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள், நிரப்பிவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது, கணக்குக் கொப்பி அல்லவா. அழிறப்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

அந்தச் சடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். பிள்ளைகளுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை அப்பா. அந்த ஏப்ரலில் நான் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது மகள் சீப்போடு அவர் முன்னால் போய் இருந்திருக்கிறாள். நான் எட்டிப் பார்த்தேன். தங்கக் கம்பி முறுக்குகிற விரல்கள் அல்லவா. முடியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரலால் நீவி, ஒரு மயிர் பிசகாமல் பின்னினார். கண்ணுக்கு வில்லை மாட்டாத குறைதான். பின்னி முடித்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். இரண்டு சடையும் ஒரே அளவு. நான் பின்னினால் எப்போதும் ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. அன்றையிலிருந்து பட்டறை திறக்கும் வரைக்கும் அவள் என்னிடம் தலை தரவில்லை.

அப்புறம் வரவுப் பக்கம் வீட்டாருக்குப் பொதுவாகிவிட்டது. மகனுக்கு அப்போது சாதாரண தரப் பரீட்சை வருடம். அது பிந்திப் பிந்தி 2021 மார்ச்சில்தான் நடந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல போன். வட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பும் பாடத்தைப் பார்க்க அண்ணனும் தங்கச்சியும் அடிபடுவார்கள். 'இன்று போனை அண்ணா தந்தான், கேட்காமல்' என்று ஒரு நாள் இருக்கிறது. 'கப்பல் ஊதியது கேட்டது' என்று மகன் எழுதியிருக்கிறான். துறைமுகம் எங்களுக்கு அவ்வளவு கிட்ட. இத்தனை வருடம் வாகனச் சத்தத்தில் அது எங்கள் காதில் விழுந்ததே இல்லை. ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பு நடந்து சரியாக ஒரு வருடம். 'கீழ்வீட்டு அன்ரி மெழுகுதிரி ஏற்றினா, நாங்களும் ஏற்றினோம்.' மார்ச்சில் வாங்கிய பெட்டி கணக்கில் அங்கே போய் முடிகிறது.

மாமிக்கு எழுதக் கண் தெரியாது, சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அப்படி எழுதியதுதான் ஏப்ரல் 13, 14 பக்கங்கள். சார்வரி வருடம் பிறந்த இரவு. ஒவ்வொரு வருடமும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் இருந்து, புத்தாண்டுக்குத் தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீரைப் போத்தலில் கொண்டுவருவோம். அந்த முறை போக வழியில்லை. "என்ன செய்யிறது, நாங்களே காய்ச்சுவம் பிள்ளை" என்றார் மாமி. தாழம்பூவுக்கும் தாமரைப்பூவுக்கும் எங்கே போவது? பல்கனித் தொட்டியில் இருந்த துளசி, போத்தலில் கடைசியாகக் கிடந்த மஞ்சளில் பாதித் துண்டு, ஐந்தாறு மிளகு, ஒரு துண்டு சுக்கு, கொஞ்சம் பால். சின்னச் சட்டியில் அடுப்பைத் தணித்து வைத்துக் காய்ச்சினார். வீடு முழுக்க அந்த வாசம். கறிக்கு இல்லாத மஞ்சளை இதில் போடுகிறாரே என்று நான் நினைத்தேன், வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவர் தலையிலும் தன் கையால் வைத்தார். கைவிசேடத்துக்குப் புது நோட்டு மாற்ற முடியவில்லை. ஆளுக்கு ஒரு பத்து ரூபாக் குற்றி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று தந்தார். வரவுப் பக்கத்தில் உண்மையான காசாக எழுதியிருப்பது அந்த மாதத்தில் அந்த 5000த்துக்குப் பிறகு இதுதான்: 'அப்பம்மா 10, 10, 10, 10.'

அந்த ஒக்டோபரில் மறுபடியும் பூட்டினார்கள். மேல் மாகாணம் முழுவதற்கும் ஒக்டோபர் 30 முதல் நவம்பர் 9 வரை. மற்ற இடங்கள் திறந்த பிறகும் எங்கள் வடகொழும்புப் பக்கம் கிழமைக்கணக்கில் திறக்கவில்லை. 30ஆம் திகதிப் பக்கத்தில் மாமி சொல்லி மகள் எழுதிய ஒரு வரி இருக்கிறது. 'இன்றைக்கு 25 வருசம்.' 1995 ஒக்டோபர் 30இல்தான் போரால் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அந்த மழைக்குள் என் கணவரையும் அவருடைய தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மாமி நடந்தவர். பல்கனிக் கதிரையில் இருந்துகொண்டு, "அண்டைக்கு ஒரே இரவில வீட்டை விட்டுப் போ எண்டினம். இண்டைக்கு வீட்டுக்குள்ளேயே இரு எண்டினம். இருக்கிறதுக்கு ஒரு வீடு இருக்குத்தானே பிள்ளை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஊரடங்கு நல்ல காலம் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். எங்கள் பல்கனியில் இருந்து பார்த்தால் பின்பக்கத்துத் தோட்டம் தெரியும். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கியடித்த ஏழைக் குடியிருப்பு. ஒரு அறைக்குள் எட்டுப் பேர், ஒன்பது பேர். எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே மலகூட வரிசை. அங்கே வீட்டுக்குள் இரு என்றால் எந்த வீட்டுக்குள் இருப்பது? இரவில் அம்புலன்ஸ் வந்து முழுக் குடும்பத்தையும் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிப் போனதைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். எங்கள் வீட்டு அமைதி எங்களுக்குக் கதவு இருந்ததால் வந்தது. ஆனால் அங்கேயும் யாரோ ஒரு அம்மா, எதை எப்படிப் பங்கிட்டோம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியிருப்பார். அந்தத் தாள்தான் என்னுடைய கொப்பியைவிட முக்கியம்.

ஏன் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், பொங்கலன்று கொப்பியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினோம். சடை பின்னியதாக என் கணவருக்கு ஞாபகமே இல்லை. "நானா? எப்ப?" என்று கேட்டார். மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அவளுக்கும் நல்ல ஞாபகம் இல்லை. தான் எழுதியதைத் தானே புதிதாக வாசித்தாள். மாமி, தான் போட்டது துளசி இல்லை, திருநீற்றுப்பச்சை என்று இன்றைக்கும் வாதாடுகிறார். இன்னும் ஐந்து வருடம் கூட ஆகவில்லை. ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கே இப்படி.

எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள், யார் என்ன உத்தரவு போட்டார்கள் என்பதெல்லாம் அரசாங்கத்திடமும் உங்களிடமும் பத்திரமாக இருக்கும். 1918இலும் 'ஸ்பானிஷ் ஃபுளூ' என்ற விஷக்காய்ச்சல் கொழும்புத் துறைமுகம் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தது. அந்த நேரம் இதே கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் வீட்டில் என்ன காய்ச்சிக் குடித்தார்கள், பிள்ளைகளை எப்படி வைத்திருந்தார்கள் என்று நான் எங்கேயும் வாசித்ததில்லை. அப்போதும் யாராவது கணக்கு எழுதியிருப்பார்கள்தானே.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வருகிற மார்ச் 20ஆம் திகதியோடு ஐந்து வருடம். அதை ஒட்டி உங்கள் ஞாயிறு இதழில் சில கிழமைகளுக்காவது அரைப் பக்கம் ஒதுக்கி, வாசகர்களிடம் இருக்கும் ஊரடங்குக் காலத்துக் கொப்பி, கலண்டர்த் தாள், சாமான் துண்டு, பிள்ளைகளின் குறிப்பு எதுவானாலும் கேட்டு வாங்கிப் போடுங்கள். பெயர் போட விருப்பமில்லாதவர்களுக்குப் பெயர் வேண்டாம். தோட்டங்களில் இருப்பவர்கள் தாங்களாக அனுப்பமாட்டார்கள், உங்கள் நிருபர்கள் போய்க் கேட்க வேண்டும். சேர்ந்ததைப் பிறகு 'நூலகம்' மாதிரி எண்ணிமத்தில் ஆவணப்படுத்துகிறவர்களிடம் ஒப்படைத்தால் நிலைத்திருக்கும். வாசகர்களிடமும் கேட்கிறேன்: பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்னால் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.

ஏப்ரல் 14ஆம் திகதிப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. போடுவதானால் கொஞ்சம் கறுப்பாக்கிப் போடுங்கள். இடப்பக்கத்தை மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.