"மட்டுமே" என்ற சொல்லுக்கு ஒரு கணக்குத் தாள் கேட்டுத் திறந்த மடல்

திருகோணமலை நகரைச் சுற்றிக் காணி துண்டாடி வீடு கட்டிக் கொடுப்பவர்களுக்கும், அந்த வீடுகளுக்குக் கடன் வழங்கும் வங்கிக் கிளைகளின் பொறுப்பாளர்களுக்கும்

வணக்கம்.

அனுராதபுரச் சந்தியிலிருந்து அலஸ்தோட்டம் வரை மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பற்றித்தான் எழுதுகிறோம். "வாடகைக் காசிலேயே சொந்த வீடு. மாதம் 55,054 ரூபா மட்டுமே. கடற்காற்று இலவசம்." யாருடைய நோட்டீஸ் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒட்டியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு நிறத்தில் அடிக்கிறீர்கள்.

அந்த 55,054 பொய்யில்லை. 50 இலட்சம் ரூபாவை 12 வீத வட்டிக்கு 20 வருடத்தில் கட்டி முடிக்க மாதத் தவணை சரியாக அவ்வளவுதான் வரும். எங்கள் குறை "மட்டுமே"யில் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள்: அட்வான்ஸ் காசு வாங்குவதற்கு முன், வாங்குபவர் கையில் தமிழில் ஒரு மாதச் செலவுத் தாள் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் தவணையையே எடுப்போம். முதல் மாதம் கட்டும் 55,054இல் 50,000 வட்டிக்குப் போகிறது, கடன் குறைவது வெறும் 5,054. இதே கடனை 15 வருடத்தில் முடித்தால் தவணை 60,008. மாதம் 4,954 ரூபாதான் கூட. ஆனால் 20 வருடத்தில் மொத்தம் 132 இலட்சத்துக்கு மேல் கட்டுபவர், 15 வருடத்தில் 108 இலட்சத்தோடு முடித்துவிடுவார். இந்த 24 இலட்ச வித்தியாசத்தைக் கிளையில் எத்தனை பேருக்குச் சொல்கிறீர்கள்? மாதத் தவணை எவ்வளவுக்குக் குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குக் காணி வேகமாக விற்கும் என்பது எங்களுக்கும் விளங்கும்.

அடுத்தது வட்டி. நோட்டீசின் அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் "வட்டி வீதம் மாற்றத்துக்குட்பட்டது" என்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களும் மறக்கவில்லை. அதே 50 இலட்சத்துக்கு 14 வீதமென்றால் தவணை 62,176, 18 வீதமென்றால் 77,166. வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாது, பிறகு எதை வைத்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்பதோடு 55,054, 62,176, 77,166 என்ற மூன்று தொகையும் பக்கத்துப் பக்கத்தில் தாளில் இருக்கட்டும். கையில் 120,000 வரும் குடும்பத்துக்கு முதலாவதே சம்பளத்தில் 46 வீதம். மூன்றாவதைப் பார்த்த பிறகும் அவர்கள் கையெழுத்து வைத்தால் அது அவர்கள் முடிவு.

இனி, எந்த நோட்டீசிலும் வராத காலத்துக்கு வருவோம். அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து குடிபுகும் நாள்வரை உள்ள காலம். மனிதரை மடக்குவது இதுதான்.

கட்டும் வீட்டுக்கான கடன் ஒரே தொகையாக வராது. அத்திவாரம், லிண்டல் (கதவு யன்னலுக்கு மேல் போடும் கொங்கிறீற் வளை), கூரை, பூச்சும் நிலமும் என்று நான்கு கட்டமாக வரும். பெரும்பாலும் முதல் கட்டத்தைச் சொந்தக் காசில் எழுப்பிக் காட்ட வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, அறிக்கை எழுதி, அது கிளைக்குப் போய், பிறகுதான் 12.5 இலட்சம் கைக்கு வரும். மேசனுக்கும் கம்பிக் கடைக்கும் அறிக்கை காட்டிக் கடன் சொல்ல முடியாது. ஆகவே நகை அடகுக்குப் போகிறது. 5 இலட்சத்துக்கு வைத்து, மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி என்று பார்த்தாலும் 6,250 ரூபா.

ஜூனில் வேலை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்டில் முதல் பகுதிக் காசு வருகிறது. எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி, மாதம் 12,500. ஒக்டோபரில் இரண்டாவது பகுதி, வட்டி 25,000 ஆகிறது. அதற்குள் மாரி பிடித்துவிடும். தாழ்ந்த மணல் காணியில் தண்ணீர் நிற்கும், கட்டிய சுவர் காயாது, மகாவலி பெருகினால் கிண்ணியாப் பக்கத்து ஆற்றுமணல் வராது, வந்தாலும் விலை வேறு. டிசம்பரும் ஜனவரியும் லிண்டல் மட்டத்தில் அப்படியே போகும். வேலை நின்றதென்று வட்டி நிற்குமா? பெப்ரவரி, மார்ச்சில் 37,500. ஏப்ரலில் 50,000. சித்திரை வருடப்பிறப்புக்குக் குடிபுகலாம் என்று நீங்கள் சொன்ன நாள் வருவதற்குள் கட்டிய வட்டி 250,000 ரூபா. இதே பதினொரு மாதமும் இருந்த வீட்டுக்கு வாடகை 25,000 வீதம் 275,000. அடகு வட்டி 68,750. மூன்றையும் கூட்டினால் 593,750. கிட்டத்தட்ட ஆறு இலட்சம், கடனில் ஒரு சதமும் குறையாமல். "வாடகைக் காசிலேயே" என்கிறீர்களே, அந்த வாடகையையும் கட்டிக்கொண்டுதான் இதையும் கட்டுகிறார்கள். கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு புதுவீட்டுப் பால் காய்ச்சும் பெண்களை இந்த ஊரில் எண்ணிப் பார்த்தால் உங்கள் நோட்டீஸ் எத்தனை ஒட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. முதல் கட்டத்தில் ஒரு பங்கை முன்பணமாக விடலாம். மதிப்பீட்டாளர் எத்தனை வேலைநாளுக்குள் வருவார் என்று எழுத்தில் தரலாம். வேலையை பெப்ரவரியில் தொடங்கி செப்டம்பருக்குள் கூரையைப் போட்டுவிடச் சொல்லலாம். இவை எதுவும் முடியாதென்றால் அந்த ஆறு இலட்சத்தையாவது தாளில் எழுதுங்கள்.

உறுதிச் செலவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 30 இலட்சக் காணிக்கு 119,000 ரூபா. அதுவும் நீங்கள் எழுதும் விலைக்கல்ல, காணியின் சந்தை மதிப்புக்கு. நொத்தாரிசுக் கட்டணம், நில அளவைப் படம், ஈட்டுப் பத்திரம், வங்கி கேட்கும் காப்புறுதி எல்லாம் இதற்கு மேல். பெர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது என்பது அட்வான்ஸ் வாங்கிய பிறகு நினைவுக்கு வரவேண்டிய விஷயமல்ல. கடலோரம் என்றால் கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

இனிக் குடியிருக்கும் செலவு. இங்கே நகரத்துக் கணக்கு செல்லாது.

தண்ணீரை எடுங்கள். 10 பேர்ச் காணி 2,722 சதுர அடி, அதாவது பக்கத்துக்கு 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும், மணலில் இன்னும் கூட வேண்டும். தன் குழியை ஒரு மூலையிலும் கிணற்றை எதிர் மூலையிலும் வைத்தாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி எங்கே இருக்கிறது? உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உவர்நீரின் மேல்தான் மிதக்கிறது. மோட்டர் போட்டு இழுக்க இழுக்க உவர் மேலே வரும், கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஒரே நேரத்தில் நாற்பது துண்டுக்கு நாற்பது கிணறும் நாற்பது குழியும் வெட்டவைத்துவிட்டு, விளம்பரத்தில் "நன்னீர்க் கிணறு" என்று போடுகிறீர்கள். கிணறு தோண்டிய முதல் மாதத்தில் அது உண்மையாகவும் இருக்கும்.

பிறகு பவுசர்தான், தண்ணீர் கொண்டுவரும் லொறி. நான்கு பேர் ஆளுக்கு 120 லீற்றர் பாவித்தால் நாளுக்கு 480 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் பத்து நாளைக்கு வரும், மாதம் மூன்று பவுசர். நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீரானால் இதே அளவு மாதம் 14, 15 அலகு. இரண்டுக்கும் செலவு எங்கே நிற்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் பிரதான வீதியில் குழாய் ஓடுவது வேறு, நீங்கள் போட்ட உள்வீதியில் 300 மீற்றர் உள்ளே வருவது வேறு. அந்த 300 மீற்றரை யார் காசில் இழுப்பது, மின்கம்பம் எத்தனை நடவேண்டும், அது யார் காசு? தாளில் இரண்டு வரி.

மின்சாரத்துக்கு அலகைக் கூட்டிக் காட்டுங்கள். 70 வாற் மின்விசிறி மூன்று, நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 63 அலகு. இந்த ஊர் வெக்கைக்கு இது குறைவான கணக்கு. குளிர்சாதனப்பெட்டி 40, தண்ணீர் மோட்டர் 16, சோற்றுச் சட்டி 15. இதுவே 134. வீட்டு மின்கட்டணப் பட்டியலில் 60, 90, 120, 180 என்று படிகள் உண்டு, படி ஏற ஏற அலகின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். லைற், தொலைக்காட்சி, இஸ்திரிப்பெட்டி சேராமலே மூன்று படி தாண்டியாயிற்று. படுக்கையறைக்கு ஒரு ஏசி, இரவில் ஆறு மணித்தியாலம் என்றால் இன்னும் 120 அலகு வரும், கடைசிப் படியும் போய்விடும். சீற் கூரையைச் சீலிங் இல்லாமல் கொடுத்துவிட்டு ஏசி "விருப்பத்துக்குரியது" என்று எழுதுவது நல்ல நகைச்சுவை.

போக்குவரத்து சின்னக் கணக்கு. நிலாவெளிப் பக்கத்திலிருந்து நகருக்குப் போய்வர 30 கிலோமீற்றர், மாதம் 25 நாளைக்கு 750. லீற்றருக்கு 40 ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 18.75 லீற்றர் பெற்றோல். பள்ளிக்கூட வான், இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ தனி.

கடற்காற்று இலவசம்தான், அது தின்னும் இரும்புக்குத்தான் காசு. யன்னல் கிரில், கேற், சீற் ஆணி, கொங்கிறீற் மூடல் குறைந்த இடத்துக் கம்பி எல்லாவற்றையும் உப்பு அரிக்கும். கட்டுமானச் செலவில் வருடத்துக்கு ஒரு வீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வது வழக்கம். 50 இலட்சத்துக்கு அது மாதம் 4,167 ரூபா. மாரியில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பினால் அதை இறைக்கும் பவுசருக்கும் இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். சோலைவரி (வீடு, காணிக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் வரி) உண்டா என்பதையும் அந்தச் சபையில் கேட்டு எழுதிவிடுங்கள். முழு வருடத்தையும் ஜனவரிக்குள் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும் என்ற நல்ல செய்தியையும் சேர்த்து.

சபை என்றதும் ஒரு சொல். நோட்டீசைக் கம்பத்தில் ஒட்டவிடுகிறவர்கள், அந்தக் கம்பத்தில் ஒரு லைற்றையும் போடலாம். உள்வீதியைப் பொறுப்பேற்கச் சபையிடம் போனால் "அது தனியார் வீதி" என்கிறார்கள், விற்றவரிடம் போனால் "அது சபைக்குக் கொடுத்தாயிற்று" என்கிறார்கள். வீதி நடுவில் தண்ணீரோடு கிடக்கிறது. கடன் பத்திரமோ பல கிளைகளில் முழுக்க இங்கிலீசில். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அது கடைசி நிலாவெளி பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும், இன்னும் வந்து சேரவில்லை. சரி, விடுங்கள். இதெல்லாம் உங்களிடம் மட்டும் கேட்கவேண்டிய கேள்விகள் அல்ல.

உங்களிடம் கேட்பது தாள் மட்டும்தான். விலைகள் மாதா மாதம் மாறுகின்றன, எழுதிக் கொடுத்தால் பிறகு எங்களைப் பிடிப்பீர்கள் என்பது உங்கள் பயமானால், விலையை விடுங்கள், அளவை எழுதுங்கள். இத்தனை அலகு, இத்தனை பவுசர், இத்தனை லீற்றர், இத்தனை மாத வாடகை. அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ள வாங்குபவருக்குத் தெரியும். கீழே விற்பவர் ஒரு கையெழுத்து, கடன் அதிகாரி ஒரு கையெழுத்து. அட்வான்ஸ் அதற்குப் பிறகு.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் இதைச் செய்து தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். முடியாதென்றால், "மட்டுமே" என்ற அந்த ஒரு சொல்லையாவது எடுத்துவிடுங்கள். அச்சுக்கூலியும் கொஞ்சம் குறையும்.

இப்படிக்கு,
வீடு வாங்குவோருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சிலர்
திருகோணமலை