வீடற்ற மனநோயாளிகளும் செவிலியர் பயிற்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் மனநலச் செவிலியம் கட்டாயப் பாடம். அதற்கான களப்பயிற்சி பெரும்பாலும் மனநல மருத்துவமனையின் வார்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நோயாளியுடன் தாயோ, கணவரோ, அண்ணனோ வந்திருப்பார். எப்போது தூக்கம் கெட்டது, எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று அவரிடம் கேட்டு மாணவர்கள் கேஸ் ஷீட்டை நிரப்பிவிடலாம். சாலையோரத்திலிருந்து மீட்கப்பட்டவருக்கோ பெயர், முகவரி, தகவல் அளிப்பவர் என எல்லாமே காலியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவரைப் பராமரிக்க, வீடற்ற மனநோயாளிகளுக்காகத் தமிழக அரசு மருத்துவமனைகளில் இயங்கும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களிலும் மாணவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மீட்டு வரப்பட்டவரின் உடலில் சிரங்கும், பேனும், ஆறாத கால்புண்ணும் இருக்கக்கூடும். இரத்தசோகையும் காசநோயும் பரிசோதித்தால்தான் தெரியும். குளிப்பாட்டுவதும் சடைபிடித்த முடியை வெட்டுவதும் நல்லெண்ணத்தில்தான் செய்யப்படுகின்றன. ஆனாலும், நான்கு பேர் பிடித்துக்கொண்டு தலையை மழித்தால் அவர் அதைத் தாக்குதலாகவே உணர்வார். பிறகு அதே கைகள் நீட்டும் மாத்திரையை எப்படி நம்பி வாங்குவார்? அவர் விடாமல் பற்றியிருக்கும் துணிமூட்டையைக் குப்பையென்று வீசிவிடாமல், ஒரு பையில் கட்டி அவர் கண்ணில் படும்படி கட்டிலுக்கடியில் வைக்கலாம். வங்காளமோ ஒடியாவோ பேசுபவரை 'உளறுகிறார்' என்று குறிப்பெழுதும் முன், அந்த மொழி அறிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இவையெல்லாம் வகுப்பறையில் சொன்னால் வந்துவிடுவதில்லை; அனுபவமுள்ள செவிலியரின் அருகில் நின்று பழக வேண்டியவை.

சட்டத்தையும் இதே இடத்தில்தான் கற்பிக்க வேண்டும். மனநல பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, ஆதரவற்றோரும் வீடற்றோரும் இலவச மனநல சிகிச்சை பெற உரிமையுடையவர்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் சுற்றித்திரியும் மனநோயாளியைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குப் பரிசோதனைக்காக அழைத்துச் செல்ல வேண்டும். எக்காரணத்தாலும் லாக்கப்பில் அடைக்கக் கூடாது. நள்ளிரவில் காவலர் அழைத்து வருபவரை, "கூட யாரும் இல்லையே" என்று திருப்பி அனுப்பாத செவிலியர் நமக்கு வேண்டுமானால், இதை மாணவப் பருவத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வீடற்ற மனநோயாளிகளைப் பராமரிக்கச் சென்னையில் 1993-இல் தொடங்கிய 'தி பான்யன்' தொண்டு அமைப்பின் அனுபவம் நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் கலந்து பேசி, வரும் கல்வியாண்டிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது இரண்டு வாரங்களை இம்மையங்களில் ஒதுக்க வேண்டுகிறேன். குணமடைந்தவர் வீடு திரும்பிய பிறகு மாத்திரை தொடர்கிறதா என்று பார்க்கும் வீட்டுச் சந்திப்பும் அதில் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கல்லூரி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி