நான்கு வாரம் கழித்து மறுபடியும் வாருங்கள்: கிராமச் சுகாதாரத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிராமங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் விரல்நுனியில் இரத்தம் எடுத்து, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்பு சேர்ந்த புரதமான ஹீமோகுளோபினின் அளவு பார்க்கும் ஆய்வக நுட்புநர் நான். பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். இரத்தசோகையைக் குறைப்பதற்காக நீங்கள் வகுத்த திட்டங்களில் மருந்துக்கும் பணத்துக்கும் அக்கறைக்கும் குறைவிருந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை. முதல் தடவை விரலைக் குத்திப் பார்த்து, அளவை எழுதி, இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறோம். அந்த மாத்திரை வேலை செய்ததா என்று பார்க்க இரண்டாவது தடவை குத்துவதில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இந்த மடல்.

ஒரு முகாமில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்து கையை நீட்டினார். அளவு 8.3 வந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே சோகை. 8-க்குக் கீழே போனால் அது கடுமையான சோகை. எழுதும்போது, “போன வருசமும் இதத்தான் சொன்னீங்க” என்றார். பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். முந்தைய ஆண்டு 8.1, அதற்கு முந்தைய ஆண்டு 8.4. மூன்று வரிகளுக்கும் எதிரே, மூன்று வெவ்வேறு கையெழுத்தில், ‘மாத்திரை வழங்கப்பட்டது’ என்றே இருந்தது. மேலிடத்துக்குப் போன அறிக்கைகளில் அவர் மூன்று முறை பயன்பெற்ற பயனாளி. அவர் உடம்பிலோ மூன்று ஆண்டுகளாக எதுவும் மாறவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவர் சொன்னதை எழுதவும் எங்கள் பதிவேட்டில் இடமில்லை.

இப்படி நேர்வதற்கு அந்தப் பெண்ணின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது எளிது, அது சரியல்ல. இரும்பின் வரவு செலவைச் சற்றுப் பார்த்தால் எவ்வளவு குறுகிய விளிம்பில் அவர்கள் வாழ்கிறார்கள் என்பது புரியும். வழக்கமான உணவிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் உதிரும் செல்களோடு போய்விடுகிறது. ஆக, நன்றாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கும் மாதத்துக்கு மிஞ்சுவது 30 மில்லிகிராம் அளவே. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போகும் ஒரு பெண், மாதந்தோறும் 40 மில்லிகிராமுக்கு மேல் இழக்கிறார். வரவை விடச் செலவு அதிகம். இதன் மேல் ஒரு கர்ப்பம் வந்தால் அதற்கு மொத்தமாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இருப்பே இல்லாத உடம்பிலிருந்து அதை எடுக்கச் சொல்கிறோம்.

எனவேதான் உணவு அறிவுரை மட்டும் சொல்லி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. கீரையிலும் பயறு வகைகளிலும் இருக்கும் இரும்பு உடம்பில் குறைவாகவே சேர்கிறது. இறைச்சியிலும் மீனிலும் இருப்பது அதைவிட நன்றாகச் சேர்கிறது. புளிப்பான பழம் போன்ற வைட்டமின் சி உள்ள ஒன்றைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வதும், தேநீரையும் காபியையும் சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும் செலவில்லாத நல்ல வழிகள். இவை சோகை வராமல் காக்க உதவும். 8-க்கு இறங்கிவிட்ட ஒருவரை 12-க்கு ஏற்ற இவை போதாது. அதற்கு மாத்திரை வேண்டும்.

அப்படியானால் கொடுத்த மாத்திரை என்ன ஆகிறது? அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானும் கிராமச் செவிலியரும் போனோம். துணிப்பெட்டியின் அடியிலிருந்து அவரே எடுத்துக் காட்டினார்: பிரிக்காத அட்டைகள் சில, இரண்டு மூன்று மாத்திரைகள் மட்டும் எடுத்த அட்டை ஒன்று. வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார், குமட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போனதும் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்திவிட்டார். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்ற ஒரு வாக்கியத்தை மூன்று ஆண்டுகளில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நூறு பேர் நிற்கும் வரிசையில் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட எங்களுக்கு ஒதுக்கப்படுவதில்லை.

குமட்டலுக்கு வழி இல்லாமல் இல்லை. மாத்திரையை இரவு உணவுக்குப் பின் போடலாம். உறிஞ்சப்படும் அளவு சற்றுக் குறைந்தாலும், போடாமல் பெட்டியில் கிடப்பதை விட அது மேல். இன்னொன்றும் உண்டு. இரும்பை உட்கொண்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்கு, குடல் மேலும் இரும்பை உறிஞ்சாதபடி கதவைச் சாத்திவிடுகிறது. இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடத்தி 2017-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு உடலில் சேர்வதைக் காட்டியது. கர்ப்பிணிகளுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பையும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் தினமும் கொடுக்கவேண்டும் என்ற விதியை இதை வைத்து யாரும் மாற்றிவிடக் கூடாது. ஆனால் தினமும் போட்டுக் குமட்டலால் நிறுத்திவிடும் மற்ற பெண்களுக்கு, மருத்துவரின் சம்மதத்தோடு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக்கொடுக்கும் அதிகாரம் கிராமச் செவிலியருக்கு இருக்கவேண்டும். அவர் மறுபடியும் வந்து கேட்டால்தானே குமட்டியது என்பதே தெரியவரும்?

அந்த மறுவருகையைத்தான் நான் கேட்கிறேன். சரியான நோய்க்குச் சரியான மருந்தை ஒருவர் ஒழுங்காகச் சாப்பிட்டால், நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது ஒரு கிராமாவது ஏறவேண்டும். ஏறியிருந்தால் மகிழ்ச்சி, அளவு சீரான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மூன்று மாதம் தொடரச் சொல்லலாம். தெம்பு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அடுத்த ஆண்டு அதே எண்ணோடு வரிசையில் நிற்கிறார்கள். ஏறவில்லை என்றால், அந்த ஏறாமையே ஒரு தகவல். மாத்திரை சாப்பிடவில்லையா, அதிக இரத்தப்போக்கு இருக்கிறதா, குடலில் புழு இருக்கிறதா, அல்லது இது இரும்புக் குறைபாடே இல்லையா என்று தேட அது நம்மை அனுப்புகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமக்கும் ஒருவருக்கும், வைட்டமின் பி12 குறைந்த ஒருவருக்கும் எத்தனை அட்டை இரும்பு கொடுத்தாலும் பயன் இராது. மாதவிடாய் நின்ற பெண்ணோ ஆணோ இரும்புக் குறைவோடு வந்தால், குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் ஐயப்படவேண்டும். அவர்களை மாத்திரையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

இங்கே என் தொழிலின் குறையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இரண்டாவது அளவை நம்பவேண்டுமானால் முதல் அளவு சரியாக இருக்கவேண்டும். விரலைக் குத்தியதும் இரத்தம் தானாகத் திரளவேண்டும். உழைத்துக் காய்த்த விரல்களில், அதுவும் குளிர்ந்த காலையில், அப்படித் திரளாது. அவசரத்தில் விரலை அழுத்திப் பிழிவோம். பிழியும்போது திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும். அளவு குறைத்துக் காட்டும். முதல் துளியைத் துடைக்காமல் எடுத்தாலும், கை ஈரம் காயும் முன் குத்தினாலும் இதே பிழைதான். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவச்செய்து, ஈரத்தை நன்றாகத் துடைத்து, விரல்நுனியின் பக்கவாட்டில் ஒரே குத்தில் ஆழமாகக் குத்தி, முதல் துளிகளைத் துடைத்துவிட்டு அடுத்து வருவதை எடுத்தால் அளவு நம்பத்தகும். இதற்கு ஒருவருக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இயன்ற இடங்களில் கை இரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுக்கும் சிரை இரத்தத்தையும் தானியங்கிக் கருவியையும் பயன்படுத்தச் சொல்கிறது. எல்லா முகாமிலும் அது முடியாது. ஆனால் ஒரு நாளில் இருநூறு பேர் என்ற இலக்கை எண்பதாகக் குறைக்க உங்களால் முடியும். பிழையான இருநூறு எண்களை வைத்து நீங்கள் எதைத் திட்டமிடப்போகிறீர்கள்?

கொக்கிப்புழுவைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் முகாம் பட்டியலில் அது ஒரு சடங்குபோல ஆகிவிட்டது. சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் இந்தப் புழுக்களில் பெரிய வகைப் புழு ஒன்று, ஒரு நாளில் ஒரு மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வரை இரத்தத்தை இழக்கச் செய்யும். ஐம்பது புழு இருந்தால் பத்து மில்லிலிட்டர். மாதவிடாயின் செலவு இதற்கு முன் சிறிதாகத் தெரியும். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று பெரும்பாலானவற்றை வெளியேற்றிவிடும் (கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் கொடுக்கக் கூடாது). ஆனால் மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவருக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு அது மறுபடியும் ஏறும். ஆகவே கழிப்பறையும் காலணியும் சோகை ஒழிப்பின் செலவுக் கணக்கிலேயே வரவேண்டும். வேறு துறையின் பொறுப்பு என்று தள்ளிவிட்டால், ஒருபக்கம் இரும்பை ஊற்றி மறுபக்கம் புழுவுக்குக் கொடுக்கிறோம் என்றே ஆகும்.

மலேரியா பரவும் பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளும் இறப்புகளும் கூடியதால் 2003-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அத்தகைய இடங்களில் மலேரியாவைத் தடுக்கவும் கண்டறியவும் குணப்படுத்தவும் வசதி செய்த பிறகே குழந்தைகளுக்கு இரும்பு கொடுக்கவேண்டும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது பிரசவ அறையை விட்டுவிட முடியாது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கவ்விவிடாமல் ஒரு நிமிடமாவது, முடிந்தால் மூன்று நிமிடம் வரை, பொறுத்திருந்தால் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேரும். அதன் முதல் ஆறு மாதத்துக்கான இரும்புச் சேமிப்பு அதனால் கூடும். இதற்கு மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், சுவரில் ஒரு கடிகாரமும் அவசரப்படாத கையும் போதும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தரும் வேறொன்றை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

2012-ல் உலக சுகாதாரப் பேரவை, குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களின் சோகையை 2025-க்குள் பாதியாகக் குறைப்பதாக இலக்கு வைத்தது. அந்தக் கெடு இப்போது 2030-க்குத் தள்ளப்பட்டிருக்கிறது. 2019-க்கான மதிப்பீட்டின்படி அந்த வயதுப் பெண்களில் 30 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 40 விழுக்காட்டினருக்கும் சோகை இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட மாத்திரைகளின் எண்ணிக்கை நிச்சயம் சிறியதல்ல.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். இரவு உணவுக்குப் பின் போடச் சொன்னோம்; மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொன்னோம்; புழு மாத்திரை கொடுத்தோம்; இரத்தப்போக்கு அதிகம் என்று தெரிந்ததால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். நான்கு வாரம் கழித்து, விடுமுறை நாளில், என் சொந்தப் பொறுப்பில் கருவியை எடுத்துக்கொண்டு போய் விரலைக் குத்தினேன். 9.7 என்று காட்டியது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எழுத்து தெரியாதவர், ஆனால் எண் தெரியும். “எட்டுக்கு மேல போயிருச்சா?” என்று கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து மீதி அட்டைகளை எடுத்து, கண்ணில் படும்படி விளக்கு மாடத்தில் வைத்தார்.

விடுமுறை நாளில் ஒருவருக்குச் செய்ய முடிந்ததை எல்லோருக்கும் செய்ய உங்கள் உத்தரவு வேண்டும். சோகை உள்ள ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரேயும் நான்காவது வார அளவு, மூன்றாவது மாத அளவு என்று இரண்டு கட்டங்களைச் சேருங்கள். ஒவ்வொரு முகாமுக்கும் நான்கு வாரம் கழித்து அதே ஊரில் ஒரு மறுபரிசோதனை நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து, அதற்கான பயணப்படியையும் பரிசோதனைப் பட்டைகளையும் ஒதுக்குங்கள். எங்கள் மாதாந்திர அறிக்கையின் முதல் வரியில் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்பதற்குப் பதிலாக, எத்தனை பேருக்கு ஒரு கிராமாவது ஏறியது என்று கேளுங்கள். முதல் சில மாதங்களில் அந்த எண் உங்களுக்கு வருத்தம் தரும் அளவில்தான் இருக்கும். அதற்காகக் களப்பணியாளர்களிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த மாதமே அழகான எண்கள் வரும், அவற்றில் ஒன்றையும் நம்ப முடியாது.

புதிய ஆண்டுக்கான பதிவேடுகள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அறிகிறேன். இரண்டு கட்டங்களுக்கு அதில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கிராம முகாம்களில் பணியாற்றும் ஓர் ஆய்வக நுட்புநர்