ஃபிலிமின் ஒளி அளவு ரசீதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமைப் போக்குவரத்துக் காவலர்கள் உரித்தெடுப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்கே தடை விதித்தது. பின்னர் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கண்ணாடி பற்றிய விதி 100 திருத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவினால் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அப்படியிருக்க, அளக்காமல் கண்மதிப்பிலேயே உரிப்பது முறையல்ல.

நான் விசாரித்த கடைகளில் 'டார்க்கா, லைட்டா?' என்றுதான் கேட்டார்கள். ஒளி அளவை எவரும் சொல்லவில்லை. கண்ணாடிக்கே ஓரளவு சாயம் உண்டு. ஃபிலிமும் சேர்ந்தால் ஒளி இன்னும் குறையும். எனவே ஒட்டிய பின் கருவியால் அளந்து ரசீதில் குறித்துத் தரும்படி கடைகளுக்குப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். வாகனச் சோதனை செய்யும் காவலர்களுக்கும் அதே கருவியை வழங்க வேண்டும்.

- வாசகர், மதுரை